நாய்களுக்கு முடி வெட்டும் வழக்கத்தின் வரலாறு

முன்னுரை

கோடை தொடங்கியதும் நம் ஊர்களில் ஒரு காட்சியைக் காணலாம். சடைநாய் வளர்க்கும் வீட்டில், முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நாயைக் கட்டிவைத்து, கத்தரிக்கோலோ டிரிம்மரோ கொண்டு அதன் முடியைத் தோலோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். "வெயிலுக்கு நல்லது, உண்ணியும் வராது" என்று காரணமும் சொல்வார்கள். அந்த நாய்க்கு அது உண்மையில் நல்லதா என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கேள்விக்கு விடை காண வரலாறு உதவுகிறது. மனிதன் நாயின் முடியை வெட்டத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. முதலில் கம்பளிக்காகவும் வேட்டைக்காகவும் வெட்டினான். பின்னர் அழகுக்காகவும் பரிசுக்காகவும் வெட்டினான். இன்று வீட்டு வசதிக்காகவும் வெட்டுகிறான். ஒவ்வொரு காலத்திலும் அந்த வெட்டினால் யாருக்குப் பயன் கிடைத்தது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாயின் மேல்முடி

நாயின் முன்னோரான ஓநாய்க்கு யாரும் முடி வெட்டியதில்லை. அதன் முடி இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. வெளியே தெரிவது நீண்டு முரடாக இருக்கும் காவல்முடி. அதற்குக் கீழே பஞ்சுபோன்ற அடிமுடி இருக்கிறது. பருவம் மாறும்போது அடிமுடி தானே உதிர்ந்து, மீண்டும் வளரும். ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களில் இந்த இரட்டை அடுக்கு இன்றும் அப்படியே உள்ளது.

பூடில், ஷிட்சு போன்ற இனங்களின் முடி வேறுவகையானது. அது அதிகம் உதிராமல், மனிதனின் தலைமுடியைப் போலத் தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாமல் விட்டால் கண்ணை மறைக்கும். சிக்குப் பிடித்துக் கட்டியாகித் தோலை இழுத்து வலிக்கச் செய்யும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? 2009ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. 80 இனங்களைச் சேர்ந்த 1000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள், நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்று மரபணுக்களைக் கொண்டே விளக்கிவிட முடியும் என்று கண்டனர். ஒன்று முடியின் நீளத்தையும், இன்னொன்று சுருளையும், மூன்றாவது புருவமும் மீசையும்போல முகத்தில் வளரும் முடியையும் தீர்மானிக்கின்றன.

நீண்ட முடியும் சுருட்டை முடியும் கொண்ட குட்டிகளைத் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்தவன் மனிதன். ஆகவே, அந்த முடியைப் பராமரிக்கும் கடமையும் அவனையே சேர்ந்தது. நாய் முடி வெட்டுதலின் வரலாறு இந்தக் கடமையின் வரலாறுதான்.

கம்பளி தந்த நாய்கள்

ஆடுகளிலிருந்து கம்பளி எடுப்பது நமக்குத் தெரியும். நாயிலிருந்து கம்பளி எடுத்த மக்களும் இருந்தார்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய வாஷிங்டன் மாநிலமும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் சேரும் கடலோரத்தில் வாழும் சாலிஷ் பழங்குடியினர், கம்பளிக்காகவே ஒரு நாயினத்தை வளர்த்தனர். வெண்மையான, அடர்ந்த முடி கொண்ட நாய் அது. மற்ற நாய்களோடு கலந்துவிடாமல் இருக்க அவற்றைச் சிறு தீவுகளிலும் வேலியிட்ட இடங்களிலும் தனியே வைத்திருந்தனர். நாய்களைப் பேணியதும், முடியை வெட்டி நூற்று நெய்ததும் பெண்களே. மலையாட்டின் முடியையும் தாவர நாரையும் நாயின் முடியோடு கலந்து போர்வை நெய்தார்கள். அந்தப் போர்வைகள் குடும்பத்தின் செல்வமாகவும் மதிப்பின் அடையாளமாகவும் கருதப்பட்டன.

1792ஆம் ஆண்டு அப்பகுதிக்குக் கப்பலில் வந்த ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவர் இந்த நாய்களைப் பார்த்துக் குறிப்பெழுதியுள்ளார். அவை பொமரேனியன் நாய்களைப் போலவும், ஆனால் அவற்றைவிடப் பெரியனவாகவும் இருந்தன என்கிறார். இங்கிலாந்தில் ஆடுகளுக்குச் செய்வதுபோலவே அவற்றுக்கும் தோலை ஒட்டி முடி வெட்டப்பட்டிருந்தது. வெட்டியெடுத்த முடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் பிரியாமல் அப்படியே எழும்பும் அளவுக்கு அது அடர்த்தியாக இருந்ததாம்.

இன்று அந்த இனம் உலகில் இல்லை. ஆலையில் நெய்த மலிவான போர்வைகள் வந்ததால் நாய்களுக்குத் தேவை குறைந்துவிட்டது என்றே நீண்டகாலம் சொல்லப்பட்டது. ஆனால் சாலிஷ் மூத்தோர் தரும் விளக்கம் வேறு. வெளியார் கொண்டுவந்த அம்மை நோயில் மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தனர்; எஞ்சியவர்கள் நிலத்தையும் வழக்கங்களையும் இழந்தனர்; வளர்த்தவர்கள் நிலைகுலைந்தபோது அவர்களை நம்பியிருந்த நாய்களும் அழிந்தன என்கிறார்கள்.

1859ஆம் ஆண்டு இறந்த 'மட்டன்' என்ற ஒரு நாயின் தோல் மட்டும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டு அதன் மரபணுவை ஆராய்ந்தபோது, அந்த இனம் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தனித்துப் பேணப்பட்டு வந்தது உறுதியானது. சாலிஷ் மூத்தோரின் சாட்சியமும் அந்த ஆய்வில் இடம்பெற்றது. முடியின் தூய்மைக்காக மனிதன் நாயை இத்தனை காலம் கவனித்துக் காத்ததற்கு இதைப் போன்ற சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது.

தண்ணீரில் வேட்டையாடிய நாய்களும் சிங்க வெட்டும்

ஐரோப்பாவில் முடி வெட்டும் வழக்கம் நீர்நிலைகளை ஒட்டி வளர்ந்தது. வாத்து போன்ற பறவைகளை அம்பாலோ துப்பாக்கியாலோ வீழ்த்தினால் அவை குளத்திலும் சதுப்பிலும் விழும். நீந்திச் சென்று அவற்றைக் கவ்விவர ஒரு நாய் தேவைப்பட்டது. பூடில் இனத்தின் முன்னோர் இந்த வேலையைச் செய்தவர்கள். 'பூடில்' என்ற பெயரே தண்ணீரில் துளாவுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு மொழியில் இதன் பெயரான 'கனிஷ்', வாத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது.

இந்த நாய்களின் அடர்ந்த சுருட்டை முடி குளிரைத் தாங்கும். ஆனால் நனைந்துவிட்டால் பாரமாகி நீந்துவதற்குத் தடையாகும். எனவே இடுப்புக்குப் பின்னால் உள்ள முடியை மழித்து, மார்பிலும் தோளிலும் மட்டும் அடர்த்தியாக விட்டனர். முன்பாதி பிடரிமயிரோடும் பின்பாதி வழவழப்பாகவும் தெரிந்ததால் இது 'சிங்க வெட்டு' எனப் பெயர் பெற்றது. கால் மூட்டுகளில் உருண்டையாக விடப்பட்ட முடி மூட்டைக் குளிரிலிருந்து காப்பதற்காகவே என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெர்வேஸ் மார்க்கம் என்பவர் 1621ஆம் ஆண்டு பறவை வேட்டை பற்றி எழுதிய நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். தொப்புளுக்குப் பின்னால் உள்ள முடியை மழிப்பது கோடை வேட்டைக்கும் நீந்துவதற்கும் ஏற்றது. ஆனால் பின்னுடலின் அடர்ந்த முடி குளிரிலிருந்து காக்க இயற்கை தந்த கவசம் என்பதால், குளிர்காலத்தில் அதை எடுத்துவிடக் கூடாது என்பது அவர் கருத்து. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர், முடி வெட்டுவதற்கு முன் பருவத்தையும் நாயின் வேலையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

போர்ச்சுகல் நாட்டின் மீனவர்களும் இதே வெட்டைப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய நாய்கள் மீன்களை வலைப்பக்கம் விரட்டின. அறுந்த வலைகளை மீட்டுவந்தன. படகுக்குப் படகு செய்தி கொண்டு சென்றன. போர்ச்சுகீசிய நீர்வேலை நாய் எனப்படும் அந்த இனத்துக்கு இன்றும் சிங்க வெட்டு வழக்கத்தில் உள்ளது.

பாரிஸ் நகரின் ஆற்றங்கரைத் தொழில்

வேட்டைக்களத்தில் பிறந்த வெட்டு நகரத்துக்கு வந்தபோது அதன் பொருள் மாறியது. பிரான்சில் பூடில் மாளிகைகளின் செல்ல நாயானது. குளத்தில் இறங்கவே இறங்காத நாய்க்கும் நீந்தும் நாயின் வெட்டு தொடர்ந்தது. மூட்டின் முடி உருண்டைகள் அலங்காரமாயின. கண்ணை மறைக்காமல் இருக்க நெற்றி முடியை முடிந்த கயிறு வண்ண நாடாவாயிற்று.

இதையொட்டி ஒரு தொழிலும் பிறந்தது. பாரிசில் செய்ன் ஆற்றின் கரையிலும் பாலங்களின் அருகிலும், குறிப்பாகப் பழைய பாலமான போன் நஃப் பகுதியில், நாய்க்கு முடி வெட்டுபவர்கள் கடை விரித்திருந்தனர். கடை என்றால் ஒரு மரப்பெட்டியும், கத்தரிக்கோல்களும், ஒரு பெயர்ப்பலகையும்தான். கழுவுவதற்கு ஆற்றுத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. நாய்க்கு முடி வெட்டுவதோடு பூனைக்கு விதையடிப்பது, வழிப்போக்கரின் காலணிக்கு மெருகிடுவது ஆகியவற்றையும் அவர்களில் பலர் செய்தனர். அழைத்தால் வீட்டுக்கே வந்து வெட்டுவதாகவும் பலகையில் எழுதி வைத்திருந்தனர். இத்தொழிலில் பெண்களும் இருந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான பிரெஞ்சு அஞ்சலட்டைப் படங்களில், ஆற்றங்கரையில் நாயை மடியில் கிடத்தி முடி வெட்டும் இந்த எளிய தொழிலாளர்களை இன்றும் காணலாம்.

பணக்கார வீட்டு நாய்க்கு ஏழைத் தொழிலாளி ஆற்றங்கரையில் உட்கார்ந்து முடி வெட்டிய இந்தக் காட்சியில்தான் இன்றைய நாய் அழகு நிலையங்களின் வேர் இருக்கிறது.

கண்காட்சி மேடை

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் நாய்க் கண்காட்சிகள் தொடங்கின. 1859ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் நடந்த காட்சி இவற்றுள் முன்னோடி. 1873இல் பிரிட்டனின் கென்னல் கிளப்பும், 1884இல் அமெரிக்கன் கென்னல் கிளப்பும் தோன்றின. நாய் பிஸ்கட் விற்பனையாளராக இருந்த சார்லஸ் கிரஃப்ட் தொடங்கிய கண்காட்சி 1891 முதல் அவர் பெயராலேயே வழங்கிவருகிறது.

கண்காட்சி என்றால் விதிகள் வேண்டும். ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும், முடியை எங்கே எவ்வளவு விட வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டது. குளிர்ந்த நீருக்காகப் பிறந்த பூடில் வெட்டு, மேடைக்குரிய கட்டாய வடிவமாக நிலைத்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் பூடிலின் முடியைச் சீவாமல் கயிறு கயிறாகத் திரித்து வளர்க்கும் நாகரிகமும் பரவியது. தரையில் இழுபடும் அளவுக்கு நீண்ட அந்தச் சடைகளைக் கழுவுவதும் உலர்த்துவதும் பெரும்பாடு. துர்நாற்றம் வீசிய அந்த நாயைப் பிள்ளைகளோடு விளையாட விட முடியாது. பரிசு உரிமையாளருக்குக் கிடைத்தது. பாரத்தை நாய் சுமந்தது. அந்த நாகரிகம் பின்னர் மங்கிப்போனது நல்லதே.

டெரியர் வகை நாய்களுக்கு வேறொரு முறை இருந்தது. அவற்றின் கம்பி போன்ற முடியை வெட்டினால் அது மென்மையாகி நிறம் மங்கிவிடும். அதனால் முதிர்ந்து தளர்ந்த முடியை மட்டும் விரலாலோ சிறு கத்தியாலோ பிடித்து இழுத்தெடுத்தார்கள். எல்லா முடிக்கும் ஒரே கருவி பொருந்தாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1935ஆம் ஆண்டு நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதன்முறையாக ஒரு பூடில் தலைசிறந்த நாய்க்கான பரிசை வென்றது. அதன்பின் அமெரிக்காவில் பூடில் மோகம் வளர்ந்தது. 1960 முதல் 1982 வரை அந்நாட்டில் மிக அதிகமாகப் பதிவு செய்யப்பட்ட இனம் அதுவே. அத்தனை வீடுகளில் முடி உதிராத நாய் நுழைந்துவிட்டால், அத்தனை நாய்களுக்கும் யாராவது முடி வெட்டத்தானே வேண்டும்?

இயந்திரத்தின் வருகை

கத்தரிக்கோலால் ஒரு நாயை முழுவதும் வெட்டி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். கையும் பழகியிருக்க வேண்டும். இந்த நிலையை மாற்றியது வெட்டு இயந்திரம். அதன் கதை ஆட்டுப் பட்டியில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் பிரெடரிக் வுல்ஸ்லி என்பவர் ஆட்டு ரோமம் வெட்டும் இயந்திரத்துக்கு 1877இல் காப்புரிமை பெற்றார். 1888இல் நியூ சவுத் வேல்ஸ் பகுதியின் டன்லப் பண்ணையில் ஒரு முழுப் பருவத்தின் வெட்டும் இயந்திரத்தாலேயே நடந்தது.

அந்த இயந்திரங்களுக்கு விசை வெளியிலிருந்து தண்டு வழியாக வர வேண்டியிருந்தது. கையில் பிடிக்கும் கருவிக்குள்ளேயே மின்மோட்டாரை அடக்கும் முயற்சியில் வென்றவர்களில் ஒருவர் அமெரிக்காவின் லியோ வால். 1919ஆம் ஆண்டு தம் மின்வெட்டுக் கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1924இல் ஜான் ஆஸ்டர் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம், அக்காலப் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் நாகரிகத்துக்கு ஏற்ற கைக்கருவிகளைச் செய்தது. மனிதருக்கென்று வந்த இக்கருவிகள் பின்னர் நாய்க்கென்றே தனி வடிவங்கள் பெற்றன.

தேவைக்கேற்பக் கழற்றி மாட்டும் பிளேடுகள் வந்தது ஒரு பெரிய வசதி. பிளேடின் எண் கூடக்கூட முடி குட்டையாகும் என்பது பொதுவான கணக்கு. 10ஆம் எண் பிளேடு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் முடியை விடும். 40ஆம் எண் கால் மில்லிமீட்டர் அளவே விடும். அறுவை சிகிச்சைக்கு முன் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துவது அது. இதை அறியாமல் பெரிய எண்ணைப் பூட்டி நாயின் தோலைக் காயப்படுத்துவோர் இன்றும் உண்டு.

வீட்டுக்குள் வந்த வெட்டு

கருவி மலிவாகி மின்கலத்தில் இயங்கத் தொடங்கியதும், முடி வெட்டுதல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. கட்டணம் ஒரு காரணம். புது இடத்தையும் புது மனிதரையும் கண்டு நாய் அஞ்சி நடுங்குவது இன்னொரு காரணம். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் பல நாடுகளில் நிலையங்கள் மூடப்பட்டபோது, அதுவரை கத்தரியைத் தொடாதவர்களும் வீட்டிலேயே வெட்டப் பழகினர்.

இதில் நன்மையும் உண்டு, அபாயமும் உண்டு. தனக்குப் பழகிய கை தொடும்போது நாய் அமைதியாக இருக்கும். ஆனால் ஆற்றங்கரைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் வந்த கைத்திறமும், எந்த முடியை எப்படி வெட்டுவது என்ற அறிவும் கருவியோடு சேர்ந்து கடையில் கிடைப்பதில்லை.

தமிழகமும் சடைநாய்களும்

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு நாய்கள் அனைத்தும் உடலோடு ஒட்டிய குட்டை முடி கொண்டவை. அவற்றுக்கு முடி வெட்ட வேண்டிய தேவையே இல்லை. குளிர்நாட்டு இனங்களும் நீண்ட முடி இனங்களும் பரவலாக நம் வீடுகளுக்கு வந்த பிறகே இந்தத் தேவை எழுந்தது. அதனால் நமக்குக் கருவி கிடைத்த வேகத்தில் அனுபவம் கிடைக்கவில்லை.

அனுபவம் இல்லாத இடத்தில் நாம் மனிதருக்குச் செய்வதையே நாய்க்கும் செய்துவிடுகிறோம். மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும், உடம்பு குளிரும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. ஆனால் நாயின் உடல் மனித உடல்போல் இயங்குவதில்லை. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில்தான் ஓரளவு வியர்க்கும். அது உடல் சூட்டைத் தணிப்பது நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலம். இரட்டை அடுக்கு முடி தன்னுள் காற்றைத் தேக்கி, குளிரை மட்டுமல்லாமல் வெளிச்சூட்டையும் தடுக்கிறது; வெயில் தோலில் நேரே படாமலும் காக்கிறது.

அதை முழுவதும் மழித்துவிட்டால் தோல் வெயிலில் வெந்துபோகலாம். சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாக வளரும். பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். உண்ணிக்கும் மொட்டை மருந்தாகாது. உண்ணி காதிலும் விரலிடுக்கிலும் ஒளிந்திருக்கும். அதற்குக் கால்நடை மருத்துவர் தரும் மருந்தே வழி. பொமரேனியனுக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் கோடையில் செய்ய வேண்டியது, உதிரும் அடிமுடியைச் சீப்பால் வாரி எடுப்பதும், நிழலும் தண்ணீரும் தருவதும், வெயில் தாழ்ந்தபின் நடைக்கு அழைத்துச் செல்வதுமே.

ஷிட்சு, பூடில் போன்ற வளர்முடி நாய்களின் நிலை வேறு. அவற்றுக்கு ஒழுங்காக வெட்டாமல் இருப்பதே தவறு.

வீட்டில் வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. முதலில் சிக்கெடுத்துச் சீவ வேண்டும். சிக்கோடு குளிப்பாட்டினால் அது இறுகிக் கட்டியாகிவிடும்.
2. குளிப்பாட்டி நன்றாக உலர்த்திய பிறகே கருவியை எடுக்க வேண்டும். கருவியின் ஓசைக்கு நாயை முன்பே பழக்குவது நல்லது.
3. முடி படியும் திசையிலேயே வெட்ட வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, காது மடல் ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. விரலால் மெதுவாக விரித்துப் பிடித்து வெட்ட வேண்டும்.
4. பிளேடு ஓடஓடச் சூடேறும். அவ்வப்போது நம் கையின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.
5. சிக்குக் கட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது; தோலும் சேர்ந்து வெட்டுப்படும். அடியில் சீப்பைச் செருகிப் பிரிக்க வேண்டும், இல்லையேல் பழகியவரிடம் விட்டுவிட வேண்டும்.
6. கண்ணருகில் முனை மழுங்கிய சிறு கத்தரியே போதும்.
7. நாய் மிரண்டால் நிறுத்திவிட வேண்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாமாக மயக்க மாத்திரை கொடுப்பது பெருந்தவறு.

முடிவுரை

சாலிஷ் பெண்கள் நாயின் முடியை எடுத்தார்கள். பதிலுக்கு அதைத் தங்கள் செல்வமாகக் காத்தார்கள். வேட்டைக்காரர் நாய் எளிதாக நீந்த வெட்டினார். குளிர்காலத்தில் முடியை விட்டுவைத்தார். இவற்றில் மனிதனின் பயனும் நாயின் நலனும் சேர்ந்தே இருந்தன. மாளிகையிலும் மேடையிலும் அந்த இணைப்பு தளர்ந்தது. பார்ப்பவரின் கண்ணே அளவுகோலானது.

இன்று கத்தரி மீண்டும் நாயை வளர்ப்பவரின் கைக்கே வந்திருக்கிறது. வெட்டுவதற்கு முன் தன் நாயின் முடி எந்த வகை, அதற்கு இந்த வெட்டு தேவையா என்று ஒரு நிமிடம் பார்ப்பவர், மார்க்கம் சொன்னதையும் சாலிஷ் பெண்கள் செய்ததையும் அறியாமலே பின்பற்றுகிறார். நாய் வாய் திறந்து கேட்காது. அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.